டம்மி சிக்னல் போட்டவள்

1. தாழ்வாரத்தில் ஒட்டிய படம்

அன்று காலை தில்லி மெட்ரோவை விட்டு இறங்கி ஆபீசுக்குள் நுழைந்தபோது எங்கள் தாழ்வாரத்தில் கூட்டமாக இருந்தது. யாருக்கோ பிறந்தநாள், கேக் வெட்டுகிறார்கள் என்று நினைத்தேன். கிட்டே போனால், சுவரில் ஒரு கிராஃபை ஒட்டிவிட்டு எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இடமிருந்து வலமாக வழவழவென்று இறங்கிப் போகும் ஒரு கோடு. அதில் ஓரிடத்தில் மட்டும் ஒரு புடைப்பு, நிலைப்படியில் இடித்துக்கொண்ட நெற்றி மாதிரி.

படத்தைப் போட்டவள் நேஹா. பிஎச்.டி. முடித்துவிட்டு எங்கள் குழுவுக்கு வந்திருக்கும் போஸ்ட்-டாக், லக்னோ பெண். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேடம், தேக்கியே! லைன் ஹை!" பாருங்கள், லைன் இருக்கிறது என்று குதித்தாள்.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பூமியைச் சுற்றும் ஒரு செயற்கைக்கோளில் எங்கள் டெலஸ்கோப் இருந்தது. காமா கதிர்களைப் பிடிக்கிற கருவி. பிரபஞ்சத்தில் கண்ணுக்குத் தெரிகிற பொருளைவிடத் தெரியாத பொருள்தான் பல மடங்கு அதிகம். கரும்பொருள் என்கிறோம். அது எந்தத் துகளால் ஆனது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று மோதி அழியும்போது ஒரே ஒரு குறிப்பிட்ட எனர்ஜியில் காமா கதிர் வரலாம் என்பது ஒரு கணிப்பு. அப்படி வந்தால், நம் கேலக்ஸியின் நடுவிலிருந்து வரும் கதிர்களை எனர்ஜி வாரியாகப் பிரித்துப் பார்க்கும்போது அந்த ஓரிடத்தில் மட்டும் புடைப்பு தெரியும். அதைத்தான் லைன் என்போம். அதற்காகத்தான் நான்கு நாட்டுக்காரர்கள் சேர்ந்து கருவி செய்து, மேலே அனுப்பி, வருஷக்கணக்கில் டேட்டா சேர்த்தோம். கருவி அதற்கு முந்தின வருஷமே செத்துப்போயிற்று. சேர்ந்த டேட்டா சேர்ந்ததுதான். இனிமேல் ஒரு கதிர்கூட வராது.

ஆக அந்தப் படத்தைப் பார்த்து அவர்கள் குதித்ததில் தப்பே இல்லை. நானும் "அச்சா!" என்று வாயைப் பிளந்து, நேஹாவின் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு, என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்தப் புடைப்பை அங்கே வைத்தவள் நான்.

2. டம்மி எதற்கு

எங்கள் குழுத் தலைவர் ஞானசேகரன் சார். விருதுநகர்க்காரர். தில்லிக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் சட்டைப் பையில் சீப்பு வைத்திருப்பார். தலையில்தான் முடி கிடையாது. இளம் வயதில் பலூனில் ஒரு டிடெக்டரை அனுப்பி, ஒரு புடைப்பைப் பார்த்து, அவசரப்பட்டு ஒரு மாநாட்டில் அறிவித்துவிட்டார். கடைசியில் பார்த்தால் அது டிடெக்டரின் கண்ணாடியிலேயே இருந்த பொட்டாசியத்திலிருந்து வந்த கதிர். வானத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த அவமானத்தை அவர் மறக்கவே இல்லை.

"நம்ம கண்ணு இருக்கே, அது கல்யாண புரோக்கர் கண்ணு. எங்க பார்த்தாலும் ஜோடிதான் தெரியும்" என்பார்.

அதனால் இந்த மிஷன் தொடங்கும்போதே ஒரு ரூல் எழுதினார். மற்ற மூன்று நாட்டுக்காரர்களும் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். டேட்டாவை அனாலிசிஸ் செய்கிறவர்களிடம் கொடுப்பதற்கு முன்னால், ஒரே ஒரு ஆள் அதற்குள் பொய்யான கதிர்களைக் கலந்து வைக்கலாம். கலக்காமலும் விடலாம். கலந்ததா இல்லையா, எந்த எனர்ஜியில், எவ்வளவு என்பது அந்த ஆளைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. எது நிஜம், எது டம்மி என்று தெரியாமலேயே மற்றவர்கள் எல்லாச் சோதனைகளையும் செய்து, பேப்பரையும் எழுதி முடிக்க வேண்டும். அதன்பிறகு எல்லோர் முன்னிலையிலும் டம்மியை எடுத்துவிடுவார்கள். அதற்கு எங்கள் பாஷையில் பெட்டி திறப்பது என்று பெயர். மிச்சம் என்ன இருக்கிறதோ அதுதான் முடிவு. திறந்த பிறகு அனாலிசிஸில் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது. டம்மி போட்டவர் நடுவில் வாயைத் திறந்தால் மொத்த அனாலிசிஸும் செல்லாது.

கேன்டீனில் வைத்து என்னிடம் கேட்டார்.

"கோமதி, டம்மி நீதான் போடணும்."

"நானா? ஏன் சார்?"

"உன் மூஞ்சியில ஒண்ணுமே தெரியாது. புரமோஷன் வந்தப்பவும் இப்படித்தான் இருந்தே, உங்க அப்பா தவறினப்பவும் இப்படித்தான் இருந்தே."

"இது பாராட்டா, திட்டா?"

"ரெண்டும்தான். ராஜ்மா ஆறுது, சாப்பிடு."

நான் திருநெல்வேலிக்காரி. எங்கள் ஊரில் முகத்தை இப்படி வைத்துக்கொண்டால் "உம்மணாமூஞ்சி" என்பார்கள். இங்கே அது ஒரு தகுதியாகிவிட்டது. அன்றிலிருந்து என்னை அனாலிசிஸ் மீட்டிங்குகளிலிருந்து விலக்கி, கருவியின் அளவுகளைச் சரிபார்க்கும் கேலிபரேஷன் பிரிவில் உட்காரவைத்தார். டம்மி போடுகிற ஆள் நான் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் யாரோ ஒரு இத்தாலிக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இத்தாலியில் ஒருவர் இருந்தது உண்மைதான். ஆனால் அவரிடம் இருந்தது ஒரு பாஸ்வேர்ட் மட்டும். என் பாஸ்வேர்டும் அவருடையதும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது.

நான் டம்மி போட முடிவு செய்தேன். நன்றாக, நிஜம் போலவே, யோசித்து யோசித்துப் போட்டேன். செய்கிற வேலையை அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கம் இல்லை.

3. ஆபரேஷன் தேதி

தாழ்வாரத்தில் படம் ஒட்டிய அதே மாதத்தில் சாருக்கு வயிற்று வலி வந்தது. முதலில் கேன்டீன் சோலே பட்டூரேயைத் திட்டினார். பிறகு எடை குறைய ஆரம்பித்தது. அவர் மனைவி மங்கை அக்கா இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுக்கவைத்தார். குடலில் கட்டி.

பெரிய அரசு ஆஸ்பத்திரி. சர்ஜன் நல்ல மனிதர், ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார். கட்டி இப்போதைக்கு ஓரிடத்தில்தான் இருக்கிறது, எடுத்துவிட்டால் பிழைக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது, ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்றார். "டிலே மத் கீஜியே, சார்" என்று அவர் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். தேதியும் கொடுத்தார். அந்த ஆஸ்பத்திரியில் அவ்வளவு சீக்கிரம் தேதி கிடைப்பதே பெரிய விஷயம்.

அந்தத் தேதிக்கு அடுத்த வாரம் பெட்டி திறப்பதாக இருந்தது.

"ஒரு வாரம்தானே, திறந்துட்டுப் போயிடறேன்" என்றார் சார்.

அக்கா என்னைப் பார்த்தார். "கோமதி, நீயாச்சும் சொல்லும்மா. வானத்துல இருக்கறது எங்க போயிடப் போகுது?"

"நான் இல்லாம எப்படித் திறப்பாங்க? ரிவியூ கமிட்டி கேள்வி கேட்டா யாரு பதில் சொல்றது? நேஹா சின்னப் பொண்ணு, கடிச்சுத் துப்பிடுவாங்க. இது லைன், மங்கை. உலகத்துலயே முதல் லைன். எவனும் பார்த்ததில்லை" என்றார் சார்.

அப்படிச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்து இருந்ததை நான் பார்த்தேன். அத்தனை வருஷத்தில் அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

ஒரு வாரம்தானே என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் ஒரு வாரத்தோடு முடியவில்லை. புடைப்பு சின்னதாக இருந்திருந்தால், எங்கள் சோதனைகளைச் சரிபார்த்துப் பெட்டி திறக்கச் சம்மதம் சொல்ல வேண்டிய கமிட்டி சீக்கிரம் விட்டிருக்கும். இவ்வளவு அழகான லைன் வந்தவுடன் அவர்களுக்குப் பயம் வந்துவிட்டது. இன்னொரு சோதனை செய்யுங்கள், பூமியின் ஓரத்திலிருந்து வரும் கதிர்களில் இதே புடைப்பு வருகிறதா பாருங்கள், கருவியின் வெப்பநிலை வாரியாகப் பிரித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பெட்டி திறக்கும் தேதி தள்ளிப்போனது. அதோடு சேர்ந்து ஆபரேஷனும். ஒரு தடவை தேதியை விட்டால் மறுபடி வரிசையில் கடைசியில் போய் நிற்க வேண்டும். சர்ஜன் ஒருநாள் போனில் அக்காவிடமே கத்திவிட்டார்.

கமிட்டி கேட்ட ஒவ்வொரு கேள்வியும் நான் போட்ட டம்மியைப் பற்றியது. அது அவர்களுக்குத் தெரியாது; எனக்குத் தெரியும். அந்த வாரங்களில் நான் சாப்பிட்ட எதுவும் எனக்கு உடம்பில் ஒட்டவில்லை.

4. வெயிலில் வேர்க்கடலை

சாரின் வீடு மயூர் விஹாரில். தமிழர்கள் நிறையப் பேர் இருக்கும் கூட்டுறவு அடுக்ககம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். ஜனவரி மாதம், பல நாள் புகைமூட்டத்துக்குப் பிறகு அன்றுதான் வெயில் வந்திருந்தது. அடுக்ககத்து ஜனம் முழுக்கப் பார்க்கில்தான் கிடந்தது. அக்கா கோயிலுக்குப் போயிருந்தார். சார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, மடியில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். தோல் உரித்து உரித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தாரே தவிர ஒன்றையும் சாப்பிடவில்லை.

வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். உட்கார்ந்ததும் சட்டென்று சொல்லிவிட்டேன்.

"சார், நேஹாவோட லைன் டம்மி. போட்டது நாந்தான்."

அவர் கை நின்றது. பிறகு சிரித்தார்.

"மங்கை சொல்லச் சொன்னாளா?"

"யாரும் சொல்லல. அக்காவுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. எந்த எனர்ஜின்னு சொல்லட்டுமா?"

"எனர்ஜிதான் தாழ்வாரத்துல ஒட்டியிருக்கே. டீ கொண்டு வர்ற பையாவுக்குக்கூடத் தெரியும்."

"எத்தன பொய்க் கதிர் போட்டேன்னு சொல்லுதேன்."

"புடைப்பை அளந்து பார்த்தா அதையும் யாரு வேணும்னாலும் சொல்லலாம்."

"அப்ப எதைச் சொன்னா சார் நம்புவீங்க?"

"பெட்டியத் திறந்தா நம்புவேன்."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்க ஆபரேஷனுக்குப் போகணும் சார். இது இல்லாத லைனு. இல்லாத ஒண்ணுக்காக நீங்க சாகக் கெடக்கீங்க. உங்க காலப் பிடிச்சுக் கெஞ்சுதேன்."

"அதுக்காகத்தான் பொய் சொல்றே" என்றார். "நல்ல மனசுல சொல்றே, தப்பில்ல. ஆனா பொய் பொய்தான். நீ எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. நான் ஒண்ணும் கேக்கல. சலோ, கடலை எடுத்துக்கோ."

கூட வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் ஒரு கேலிபரேஷன் எண்ணைக்கூட நான் மாற்றிச் சொன்னதில்லை. அந்த மனிதர் என்னைப் பொய்க்காரி என்றார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. இத்தாலிக்காரருக்கு மெயில் போட்டேன். ஓர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், பெட்டியை இப்போதே திறக்க வேண்டும், உங்கள் பாஸ்வேர்ட் வேண்டும் என்று எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. மிகவும் வருந்துகிறேன், ரூல்படி முன்கூட்டித் திறக்க அனுமதி கொடுக்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான், அவரிடம் கேளுங்கள் என்று எழுதியிருந்தார். அந்த ஒருவர் ஞானசேகரன் சார். ரூல் எழுதியபோது அதிகாரத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டதும் அவர்தான்.

சரி, எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்துவிடுவோம் என்று திங்கட்கிழமை மீட்டிங்குக்குப் போனேன். எனக்கு அங்கே வேலையே கிடையாது. கதவருகில் நின்ற என்னைப் பார்த்துவிட்டு சார் பேச ஆரம்பித்தார். "என் உடம்பு மேல அக்கறை உள்ளவங்க நிறையப் பேர் இருக்காங்க. என்னை ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பறதுக்காக யாராவது வந்து லைன் டம்மின்னு சொல்வாங்க. நம்பாதீங்க. என் மனைவியே சொல்லலாம், சப்பாத்தி சுட்ட கையோட" என்று இந்தியில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நேஹா விழுந்து விழுந்து சிரித்தாள். அதன்பிறகு நான் வாயைத் திறந்தால் அது அந்த ஜோக்கின் இரண்டாம் பாகமாகத்தான் இருக்கும்.

அவரைப் போல என் வாயை அடைக்க யாராலும் முடியாது. அன்று அவர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

5. பெட்டி திறந்த அன்று

கடைசியில் கமிட்டி ஒருவழியாகச் சரி என்றது. மார்ச் மாதத்தில் ஒரு முற்பகல். நான்கு நாட்டுக்காரர்களும் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் உட்கார்ந்திருந்தார்கள். செமினார் ரூமில் சமோசா, காஜூ கத்லி எல்லாம் தயாராக வைத்திருந்தார்கள். நேஹா புதுச் சேலை கட்டியிருந்தாள். சாரை இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்து வந்து முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். சட்டை தொளதொளவென்று தொங்கியது.

இத்தாலிக்காரர் தன் பாஸ்வேர்டைப் போட்டார். அடுத்து யார் என்று எல்லோரும் திரையில் தேடிக்கொண்டிருந்தபோது, நான் எழுந்து போய் என்னுடையதைப் போட்டேன். நேஹா என்னை நம்ப முடியாமல் பார்த்தாள்.

கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் சுற்றியது. பழைய படத்தின் மேல் புதிய படம் வந்து விழுந்தது. கோடு வழவழவென்று இறங்கிப் போனது. புடைப்பு இல்லை. அங்கே எதுவுமே இல்லை.

திரையில் ஒருவர் கேமராவை அணைத்தார். நேஹா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். சார் மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அச்சா. அப் பேப்பர் பேஜோ, பேப்பரை அனுப்பிடுங்க. இல்லைங்கறதும் ரிசல்ட்தான்" என்றார். அதிர்ந்தவர் பேசுகிற பேச்சாக அது எனக்குப் படவில்லை.

அன்று அவரை என் காரில் வீட்டுக்கு அழைத்துப் போனேன். பாராபுலா மேம்பாலத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. கீழே, கால்வாய் ஓரத்தில், தமிழர்கள் குடிசை போட்டிருந்து, அரசு இடித்துத் தள்ளிய மதராசி கேம்ப் இடம் வெறும் செங்கல்லும் மண்ணுமாகக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்குத் தாங்க முடியவில்லை.

"இப்பவாவது நம்புதீங்களா சார்?"

"அன்னைக்கே நம்பினேன்" என்றார்.

என் கால் தானாக பிரேக்கை மிதித்தது. பின்னால் நாலைந்து ஹார்ன் அலறியது.

"பின்ன எதுக்குப் பொய்னு சொன்னீங்க?"

"ஓட்டு, சொல்றேன். நீ சொன்னது நிஜம்னு நான் ஒத்துக்கிட்டா, நான் எழுதின ரூல்படி அன்னைக்கே எல்லாருக்கும் மெயில் போட்டிருக்கணும். அனாலிசிஸ் செல்லாமப் போயிருக்கும். கருவி செத்துப்போச்சு, வேற டேட்டா கிடையாது. அத்தனை பேரு உழைப்பும் குப்பை. பொய்னு சொல்லிட்டா, நீ எதையும் சொல்லலைன்னு ஆயிடும்."

"சரி, பொய்னு சொன்னீங்க. சொல்லிட்டு பேசாம ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்லா?"

"எப்படிப் போறது? பெட்டி திறந்த பிறகுதான் ஆபரேஷன்னு ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். திடீர்னு போய்ப் படுத்தா நேஹாவுக்குப் புரியாதா? அது டம்மின்னு ஒரு சந்தேகம் வந்துட்டாப் போதும் கோமதி, கை தானா தளர்ந்துடும். அப்புறம் செய்யற சோதனையெல்லாம் கடனேன்னுதான் இருக்கும். யாரும் வேணும்னு செய்ய மாட்டாங்க. ஆனா நடந்துடும். பொட்டாசியத்தைப் பார்த்து நான் குதிச்சதும் வேணும்னு இல்லையே."

"இது சுத்த முட்டாத்தனம் சார்."

"இருக்கலாம்."

"இருக்கலாம் என்ன? முட்டாத்தனம்தான். ஒரு கோட்டுல புடைப்பு இல்லன்னு சொல்லுததுக்கு ஒரு மனுசன் வயித்துல கட்டிய வச்சுக்கிட்டு ரெண்டு மாசம் உக்காந்திருப்பானா?" நான் கத்தினேன். கண்ணில் தண்ணீர் வந்து ரோடு தெரியவில்லை.

"முன்னாடி பார்த்து ஓட்டு, பஸ் வருது" என்றார் அவர்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்கள். கல்லீரல் வரைக்கும் பரவியிருந்தது. தள்ளிப்போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சர்ஜனிடம் கேட்டேன். அவர் கையைக் கழுவப் போய்விட்டார். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் சார் இறந்துபோனார்.

6. கமிட்டியின் பதில்

பேப்பர் வெளிவந்தது. இன்ன அளவுக்கு மேல் லைன் எதுவும் இல்லை என்பதுதான் முடிவு. எங்கள் துறையில் அதற்கும் மரியாதை உண்டு. அடுத்துத் தேடுகிறவர்கள் அந்த இடத்தில் தேட வேண்டாம், அவ்வளவுதான். முதல் பெயர் நேஹாவுடையது. அவளுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. அதில் எனக்கு சந்தோஷம்தான்.

வெளிவந்த பிறகு நான் கமிட்டிக்கு எல்லாவற்றையும் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பார்க்கில் சொன்னது, இத்தாலிக்கு மெயில் போட்டது, காரில் அவர் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. வேலையிலிருந்து நீக்கினால் நீக்கட்டும் என்றுதான் எழுதினேன். நீக்கவில்லை. இரண்டு வரியில் பதில் வந்தது. அந்தத் தகவலின் அடிப்படையில் எவரும் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை என்பதால் முடிவு செல்லும், வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி.

எவரும் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை. உண்மைதான். அதைப் படித்துவிட்டு நான் மேஜை மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு வெகு நேரம் அழுதேன்.

மங்கை அக்காவுக்கு இது வேறு யார் வாயிலிருந்தும் போகக் கூடாது என்று நானே போய்ச் சொன்னேன். நான் முடித்ததும், "அவர்கிட்ட சொன்னே. இத்தாலிக்காரன்கிட்ட சொன்னே. இப்ப கமிட்டிகிட்ட சொல்லியிருக்கே. எங்கிட்ட ஏன்டி சொல்லல?" என்று கேட்டார்.

"அக்கா, அது ரூல்..."

"எனக்கென்னடி உங்க ரூல்? நான் என்ன உங்க டெலஸ்கோப்புல வேலை பார்க்கறேனா? எங்கிட்ட சொல்லியிருந்தா சட்டையப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்ப் படுக்க வச்சிருப்பேன். பொண்டாட்டி தொல்லை தாங்காமப் போனார்னு ஊரே சிரிச்சிருக்கும். ஒருத்தனுக்கும் சந்தேகம் வந்திருக்காது."

அது அவ்வளவு சுலபமான வழி. சாருக்கும் எனக்கும் அது தோன்றவே இல்லை. எங்கள் கணக்கில் டம்மி தெரிந்தவர், தெரியாதவர் என்று இரண்டு வகை மனிதர்கள்தான் இருந்தார்கள். வீட்டில் காத்துக்கொண்டிருந்த ஒருத்தி அந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை.

நான் இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் அடுத்த மிஷனுக்கு ரூல் எழுதுகிற குழுவில் என்னைப் போட்டிருக்கிறார்கள். டம்மி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சார் சொன்னது சரி. நம் கண்ணை நம்ப முடியாது, டம்மி இருக்கத்தான் வேண்டும். ஆனால் கூடுதலாக ஒரு வரி சேர்த்தேன். யாருடைய உயிராவது பெட்டிக்காகக் காத்திருக்கிறது என்று தெரிந்தால், டம்மி போட்டவர் அன்றைக்கே, யாரிடமும் அனுமதி கேட்காமல், தன் பாஸ்வேர்டை மட்டும் போட்டுப் பெட்டியைத் திறந்துவிட வேண்டும்.

குழுவில் எல்லோரும் என்னைவிட வயதில் சின்னவர்கள், கெட்டிக்காரர்கள். அவர்களில் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மேடம், நடுவுல திறந்தா அவ்வளவு டேட்டாவும் வீணாயிடுமே?"

"வீணாப் போகட்டும்" என்றேன்.